எலும்பு ஊசியும் வாட்ஸ்அப் வைத்தியமும்

1/ மத்தூர் பக்கத்துல இருந்து ஒரு அம்மா, 68 வயசு. வாசப்படியில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. "எலும்பு பலத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கங்கம்மா"ன்னேன். மகன் போனை நீட்டினார்: 'பைப்ல உப்பு எடுக்கிற கெமிக்கல், தாடை அழுகிடும்.' ஊசி போடாமலே கூட்டிட்டுப் போயிட்டார். ஒன்றரை வருஷத்துல அடுத்த பக்கமும் உடைஞ்சு வந்தாங்க.

2/ அந்த ஊசி சோலெட்ரானிக் ஆசிட். அந்தக் குடும்பத்து ரசாயனங்கள் குழாயில் சுண்ணாம்பு படியாமல் தடுக்கப் பயன்பட்டது உண்மைதான். அதனால் என்ன? நைட்ரோகிளிசரின் வெடிமருந்து. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைப்பதும் அதேதான்!

3/ சரி, எப்படி வேலை செய்யுது? எலும்பை அரிக்கும் செல், அமிலத்தையும் என்சைமையும் குட்டிக் குட்டிப் பைகளில் ஏற்றி எலும்பு மேல் கொட்டும். பைக்கு வழிகாட்டுவது 'ராப்' என்ற புரதம். அது பையோடு ஒட்ட ஒரு கொழுப்பு வால் வேணும்.

4/ மருந்து ராப்பைத் தொடவே தொடாது. வாலுக்கு மூலப்பொருள் செய்யும் என்சைமை நிறுத்திடும். ஓசூர் சிப்காட்காரங்களுக்குச் சொல்லணுமா? போல்ட் பட்டறை மூடினா பெரிய கம்பெனி லைன் தானா நிக்கும். எலும்பு அரிப்பும் அப்படித்தான் குறையுது.

5/ இடுப்பெலும்பு உடைந்தவர்களுக்கு வருஷம் ஒரு ஊசி போட்டுப் பார்த்த ஆய்வு 2007-ல் வந்தது. புது முறிவு 35% குறைவு, இறப்பு 28% குறைவு.

6/ தாடைப் பிரச்சினை பொய்யில்லை. ஆனா இந்த டோஸில் மிக அரிது. புற்றுநோய்க்கு அடிக்கடி போடும்போதுதான் அதிகம். பல் பிடுங்கணும்னா முதல்லயே முடிச்சிடுங்க. கிட்னி, கால்சியம், வைட்டமின் டி பார்க்காம யாராவது ஊசியை எடுத்தா "வேணாம்"னு சொல்லுங்க. முழங்கால் தேய்மானத்துக்கு இது மருந்தே இல்லை.

7/ நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரிக்கு இன்னொன்று. தண்ணியில ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே அதுக்காக வந்ததுதான். ஃப்ளோரைடு ஏறிய எலும்பு ஸ்கேனில் கெட்டியாத் தெரியும், ஆனா உடையும். ஸ்கேனை மட்டும் நம்பி ஊசி வேணும், வேணாம்னு முடிவு பண்ணாதீங்க.

8/ கடைசியா சக டாக்டர்களுக்கு: கம்பி வச்சு அனுப்பினா வேலை முடிஞ்சுதா? அன்னிக்கு அந்த மகனோட நான் பேசினது ரெண்டே நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் வாட்ஸ்அப் பேசிச்சு. தப்பு அவர் மேல மட்டுமா?

9/ வீட்டில் யாருக்காவது இடுப்பெலும்பு உடைஞ்சிருந்தா, டிஸ்சார்ஜ் அன்னிக்கே கேளுங்க: "அடுத்தது உடையாம இருக்க என்ன பண்ணப் போறீங்க, டாக்டர்?"