கனவான் கள்வனுக்கு வள்ளல் வேடம் ஏன்?

குற்றக் கதைகளைப் பற்றிய பேச்சு எழுந்தால் போதும், அறமன்றம் ஒன்று கூடிவிடுகிறது. கள்வனைக் கதைத் தலைவனாக்குவது இளைஞரைக் கெடுக்கும் என்பர் ஒரு சாரார். செல்வரிடம் பறித்து ஏழையர்க்கு ஈந்தவன் அன்றோ அவன் என்று பரிந்து பேசுவர் மற்றொரு சாரார். முன்னவரினும் பின்னவரே இக்கதைகளுக்குப் பெருந்தீங்கு இழைக்கின்றனர் என்பது நம் கருத்து.

ஈ. டபிள்யூ. ஹார்னங் படைத்த ராஃபிள்ஸை எடுத்துக்கொள்வோம். லண்டனில் ஆல்பனி என்னும் உயர்குடியினர் குடியிருப்பில் வாழ்பவன், நாடறிந்த கிரிக்கெட் வீரன், கையில் காசில்லாதவன். 1899-இல் வெளிவந்த முதல் தொகுதியில் அவன் திருடுவது சுகமாக வாழவும், திருட்டு தரும் கிளர்ச்சிக்காகவுமே. ஏழையர் கண்ணீர் அவனை எங்கே உருக்கியது? பிந்திய கதையொன்றில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கவர்ந்த பொற்கிண்ணத்தை அவன் கொடையாக அனுப்புகிறான். பெறுபவர் விக்டோரியா மகாராணியார்! இவனுக்கு ராபின் ஹூட்டின் சட்டையை மாட்டுவோர் கதையைப் படித்தனரா என்பதே ஐயம்.

வள்ளல் வேடம் போட்டதும் கதையின் உண்மையான குத்து மறைந்துபோகிறது. அக்கால இங்கிலாந்தில் கிரிக்கெட் ஆடியோர் இரு சாதியினர்: ஊதியம் பெறாத 'கனவான்கள்', ஊதியம் பெறும் 'ஆட்டக்காரர்கள்'. அச்சிட்ட ஆட்டப் பட்டியலில் கனவானுக்குத் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னே, கூலிக்காரனுக்குப் பின்னே. (பணிமூப்புப் பட்டியலில் தம் பெயர் நிற்கும் இடத்தை எண்ணியே ஆயுளில் பாதியைக் கழிக்கும் நம்மனோர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.) ஆயினும், கனவானாகவே ஆடிய டபிள்யூ. ஜி. கிரேஸ் ஆட்டத்தால் பெரும்பொருள் ஈட்டினார். 1895-இல் அவருக்கென மக்களிடம் திரட்டிய நிதியே பல ஆயிரம் பவுன். இப்பாகுபாடு ஒழிய 1962 வரை ஆயிற்று.

இந்தப் பொய்யின் நடுவில்தான் ராஃபிள்ஸ் நிற்கிறான். பிரபு ஒருவர் மாளிகையில் நடக்கும் கிரிக்கெட் வாரத்துக்கு அவனுக்கு அழைப்பு வருகிறது; அதுவும் அவன் பந்து வீச்சுக்காகவே. தன்னையும் கூலி ஆட்டக்காரனாக்கிவிட்டனரே என்று அவன் கொதிக்கிறான். அம்மாளிகையிலேயே முதிய சீமாட்டியின் கழுத்தணியைக் கவர்கிறான். அன்றிரவு தொழில்முறைத் திருடரும் உள்ளே புகுந்துவிடவே, பழி அவர்கள்மேல் விழுகிறது. தொகுதியின் பெயரே 'ஊதியத்துக்கன்றி விருப்பத்துக்காகப் பூட்டுடைப்பவன்' என்று பொருள்பட அமைந்தது வெறும் அணியோ? பிரான்சில் 1905-இல் தோன்றிய மோரிஸ் லெப்ளாங்கின் ஆர்சேன் லூப்பேனும் இவ்வினத்தவனே: மாளிகையொன்றில் ஏவலாளைப்போல் நடத்தப்பட்ட தாயின் மகன், சிறுவனாய் இருந்தபோதே அவ்வீட்டு அட்டிகையைத் திருடியவன்.

ஒழுக்கம் கெடும் என்போர்க்கும் ஒரு சொல். ஆர்தர் கானன் டாயில் ஹார்னங்கின் மைத்துனர். முதல் தொகுதி காணிக்கையாக்கப்பட்டதும் அவருக்கே. ஆயினும் 1924-இல் வெளியிட்ட தன்வரலாற்றில், குற்றவாளியைத் தலைவனாக்குதல் ஆகாது என்று அவர் குறை கூறினார். பெரியவரை மதிக்கிறோம், கூற்றை ஏற்கிலோம். கதையைச் சொல்லும் தோழன் பன்னி சிறை புகுகிறான். ராஃபிள்ஸ் பெயர் மறைத்து வாழ்ந்து, போயர் போரில் மடிகிறான். இதைப் படித்து எந்த இளைஞன் பூட்டுடைக்கக் கிளம்புவான்?

வேடம் போடுவோர் அந்தக் கிரிக்கெட் வாரக் கதையை ஒருமுறை படித்துவிட்டு, கழுத்தணியின் விலையில் ஏழைக்குச் சென்ற காசு எது என்று காட்டட்டும். மறுமொழி கூற நாம் ஆயத்தமாகவே உள்ளோம்.