தெருக்குழாயும் தெய்வக்குற்றமும்

பேதி கண்டு பிள்ளை மடிந்தால், “விதி” என்கிறான் ஒருவன். “ஆத்தாளுக்குக் குறை வைத்தோம், கூழ் ஊற்ற மறந்தோம்” என்கிறான் இன்னொருவன். “பூர்வஜென்மப் பாவம்” என்று பொழிப்புரை பகர்ந்து போகிறான், அதையே பிழைப்பாகக் கொண்ட மூன்றாமவன். மூவரும் வானத்தைக் காட்டுகின்றனர். ஒருவரேனும் குனிந்து, குழாயடியில் தேங்கி நாறும் சாக்கடையைக் காட்டியதுண்டா? காட்டமாட்டார்கள்! காட்டினால் கேள்வி பிறக்கும். கேள்வி பிறந்தால் பொறுப்பாளி யார் என்பது தெரிந்துவிடும்!

பெரியம்மையை ‘முத்து’ என்றனர். ‘ஆத்தாள் விளையாடுகிறாள்’ என்றனர். வேப்பிலை கட்டி, வாயடைத்து நின்றனர். 1796இல் ஆங்கில மருத்துவர் எட்வர்ட் ஜென்னர், பசு அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கும் வழி கண்டார். 1975 மே திங்களோடு இந்தியாவில் அந்நோய் அற்றது. 1980இல், உலகிலிருந்தே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கோயில் இருக்கிறது, கொடியேற்றம் நடக்கிறது, கூழும் ஊற்றப்படுகிறது, பெரியம்மையை மட்டும் காணோம்! ஊசி முனை கண்டு ஓடிற்று என்றால், அது தெய்வத்தின் கோபமா, கிருமியின் கொடுமையா?

ஆனால் தோழர்களே, இவ்வளவோடு சிரித்துவிட்டு எழுந்தால் நம் பணி பாதியில் நின்றுவிடும். பெரியம்மையை ஊசி ஒழித்தது. காலராவையும் டைபாய்டையும் ஊசி மட்டுமே ஒழித்துவிடாது. மலத்திலிருந்து தண்ணீருக்கும், தண்ணீரிலிருந்து வாய்க்கும் பயணம் செய்யும் நோய்கள் அவை. அந்தப் பாதையை அடைப்பது பூசாரியால் ஆவதன்று. தனி மருத்துவர் ஒருவரால் ஆவதுமன்று. அது ஆட்சியின் கடமை.

சான்று வேண்டுமா? ஜெர்மனியில், எல்பே ஆற்றங்கரையில், ஹாம்பர்க் நகரமும் ஆல்டோனா நகரமும் சுவரொட்டிய வீடுகள் போல் இருந்தன. ஹாம்பர்க் ஆற்று நீரை வடிகட்டாமலே குழாயில் விட்டது. வடிகட்டி அமைக்கச் செலவாகும் என்று ஆண்டுக் கணக்கில் வாதாடிக் காலங்கடத்தினர், நகரை ஆண்ட செல்வர்கள். ஆல்டோனா எடுத்ததோ, ஹாம்பர்க்கின் கழிவும் கலந்து வந்த கீழ்நீர்! ஆனால் அது மணற்படுகையில் வடிகட்டிக் கொடுத்தது. 1892இல் காலரா வந்தது. ஹாம்பர்க்கில் ஏறத்தாழ 8,600 பேர் மாண்டனர், ஏழைகளே மிகுதி. ஆல்டோனா பெரும்பாலும் தப்பிற்று. காலராக் கிருமியை ஆராய்ந்து கண்ட ராபர்ட் கோக் நேரில் வந்து, எல்லைத் தெருவின் ஒருபுறம் நோயும் மறுபுறம் நலமும் இருந்ததை எடுத்துக் காட்டினார். ஒரே வானம், ஒரே ஆறு, ஒரே மொழி, ஒரே வேதாகமம். வேறுபட்டது விதியா? இல்லை, குழாய்!

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே எல்லைத் தெருவை வகுத்தது யார்? சாதி! மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி. ஊரின் கழிவு இறங்குமிடத்தில் உழைப்பவன் குடிசை. 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் பிள்ளைகள் நோயுற்றனர். குடிநீரின் மீது ஐயம் எழுந்தது. மேல்நிலைத் தொட்டியைப் பார்த்தபோது, உள்ளே மனித மலம்! குற்றவாளி யார் என்பது வழக்குமன்றம் தீர்க்க வேண்டிய கேள்வி. ஒரு தெருவுக்கு ஒரு தொட்டி என்று தண்ணீரையும் பிரித்து வைத்திருக்கும் சமூகம் எது என்பது, நாம் தீர்க்க வேண்டிய கேள்வி.

அந்த மலத்தை அள்ளுபவன் கதை இன்னும் கொடிது. கையால் மலமள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம். 2013இல் இன்னொரு சட்டம். பின்னும் கழிவுநீர்க் குழிக்குள் மனிதன் இறக்கப்படுகிறான். நச்சுக்காற்று மூச்சடைக்கச் சாகிறான். 2023இல் உச்சநீதிமன்றம் அச்சாவுக்கு இழப்பீடு 30 லட்ச ரூபாய் என்றது. பணத்தை உயர்த்தினர், சரி, சாவை நிறுத்தினரா?

இளைஞனே, நீ கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. குழாயில் நாள் முழுதும் நீர் நிறைந்திருந்தால், அதன் அழுத்தம் அழுக்கை அண்டவிடாது. ஒரு மணி நேரம் விட்டு நிறுத்தினால், வெறுங்குழாய் தன் விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடையை உறிஞ்சும். ஆகவே கேள்: “எங்கள் தெருவுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர்? அடுத்த தெருவுக்கு எத்தனை?” கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதிமுறை. கேள்: “எங்கள் குழாயில் எவ்வளவு? தொட்டியைக் கழுவியது எந்த நாள்?” கிராமசபையில் கேள், நகராட்சி வாயிலில் கேள், விடையை எழுத்தில் வாங்கு.

மாரியாத்தாளைக் கேலி பேசுவது எளிது. அவள் மறுமொழி சொல்லமாட்டாள். மறுமொழி சொல்லக் கடமைப்பட்டவர்கள் அலுவலகத்தில் அமர்ந்திருக்கிறார்கள். அங்கே போ! சேரியின் கடைசிக் குழாயில் தூய நீர் வரும் நாள் வரை, நம் பகுத்தறிவுப் பணி முடிந்ததாகாது.