ஓடுகிறவர்களுக்கு மட்டுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். பாதியில் லைக் போட்டுவிட்டு ஓடிவிடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி வரப்போகிறது. "இந்த வருஷமும் சென்னை மாரத்தானுக்குத் தண்ணீர் கொடுக்கப் போறீங்களா டீச்சர், நாங்களும் வரலாமா?" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். போகிறேன். நீங்களும் வாருங்கள். ஆனால் வருவதற்கு முன்னால் ஒரு விஷயம் பேச வேண்டும். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

என்னை இதில் இழுத்துவிட்டது தம்பி மகள். கம்ப்யூட்டர் வேலை, பொழுது விடியும் முன்னே எழுந்து பெசன்ட் நகர் கடற்கரையில் ஓடுகிறவள். "அத்தை, உனக்குத்தான் மூணரை மணிக்கே முழிப்பு வந்துடுதே, சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறதுக்கு வந்து தண்ணி குடு" என்றாள். ரிட்டயர் ஆனவர்களைப் பற்றி இந்தப் பிள்ளைகளுக்கு இருக்கிற மரியாதை அவ்வளவுதான். ஆனாலும் போனேன்.

மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். அந்தக் கடைசி 195 மீட்டர் எதற்கு என்று எந்தப் பிள்ளையும் வகுப்பில் கேட்டதில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி மைதானத்தில் அரச குடும்பத்தார் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடிகிற மாதிரி பாதை போட்டார்கள். அந்தத் தூரமே 1921இல் நிலையான அளவாகிவிட்டது. நம் ஊரில் சென்னை ரன்னர்ஸ் அமைப்பினர் நடத்துகிறார்கள். இருட்டு விலகும் முன்னே நேப்பியர் பாலத்தில் தொடங்கி, மெரினாவை ஒட்டி, கலங்கரை விளக்கத்தைத் தாண்டித் தெற்கே வருகிறார்கள். முழுத் தூரம் முடியாதவர்களுக்குப் பாதித் தூரம், பத்துக் கிலோமீட்டர் என்று தனித்தனியாக உண்டு. முதல் வருஷம் நான் நின்றது அடையாறு பக்கம்.

தண்ணீர் கொடுப்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் போனேன். போன அரை மணி நேரத்தில் நாலு பேர் மேல் கொட்டிவிட்டேன். ஓடி வருகிறவர் நிற்கமாட்டார். டம்ளரை நாம் இறுக்கிப் பிடித்தால் அவர் இழுக்கிற இழுப்பில் தண்ணீர் அவர் மூஞ்சியில் அடிக்கும். உள்ளங்கையை விரித்து, அதன் மேல் டம்ளரை வைத்து, கையை நீட்டி, அவர் கண்ணைப் பார்க்க வேண்டும். பாதி அளவுதான் ஊற்ற வேண்டும். நிரப்பினால் வழியும், அதோடு ஓடுகிறவர் ஒரு வாய்க்கு மேல் குடிக்கவும் மாட்டார். இரண்டாவது மணி நேரத்தில் பழகிவிட்டது. "தேங்க்ஸ் ஆன்ட்டி, தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டே ஓடுகிற கூட்டத்தில் திடீரென்று ஒரு குரல், "டீச்சர்!" தாடியும் கூலிங் கிளாஸுமாக ஒருவர். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிற பையன். இப்போது இருபத்தொரு கிலோமீட்டர் ஓடுகிறான். நீ இதைப் படிக்கிறாய் என்று தெரியும். பெயரைச் சொல்லமாட்டேன், பயப்படாதே.

தண்ணீர் மட்டும் கொடுத்தால் போதாது என்பதையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்க, வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆளையே சாய்த்துவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அதனால்தான் மேசையில் உப்பும் வாழைப்பழமும் ஆரஞ்சுச் சுளையும் வைக்கிறார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுகிற நம் உறவுகள் இதைப் படித்துவிட்டு உப்பை அள்ளி வாயில் போட்டுக்கொள்ள வேண்டாம். இது மணிக்கணக்கில் ஓடுகிறவர்களுக்கான பேச்சு.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

ஏழு மணி தாண்டி வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. ஓடுகிறவர்கள் வீசிய டம்ளர்கள் ஐம்பது அடிக்கு ரோடு முழுக்கக் கிடந்தன. தூய்மைப் பணியாளர் ஒரு அம்மா, என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும், நீளத் துடைப்பத்தால் அதையெல்லாம் ஓரமாகக் கூட்டித் தள்ளிக்கொண்டே என் மேசைக்குப் பக்கத்தில் வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, ஒரு டம்ளர் தண்ணி கெடைக்குமா?" என்றார்.

"இது ஓடுறவங்களுக்கும்மா. கொஞ்சம் இருங்க, கூட்டம் போகட்டும்" என்றேன்.

"சரிம்மா" என்றார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. கேட்டுப் பழகிய பதில் போல எடுத்துக்கொண்டு அடுத்த டம்ளரைக் கூட்டப் போய்விட்டார்.

அப்படிச் சொல்லச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அங்கே யாருடைய சட்டமும் அது இல்லை. முப்பத்து நாலு வருஷம் "வரிசையில நில்லு", "உன் முறை வரட்டும்" என்று சொல்லியே பழகிய வாய். ஒரு மேசையும் கழுத்தில் ஒரு அட்டையும் கொடுத்தால் அது பாட்டுக்குச் சட்டம் பேசுகிறது. அந்த அம்மா தண்ணீர் கேட்டபோது என் கையில் ஒரு டம்ளர் இருந்தது. அதை அவருக்கு அடுத்து ஓடி வந்த ஒரு இளைஞனுக்கு நீட்டினேன். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு டம்ளரைக் கீழே போட்டான். அவன் மேல் தப்பில்லை, வெயிலில் ஓடுகிறவன் அப்படித்தான் செய்வான்.

கூட்டம் குறைந்ததும் அந்த அம்மாவைத் தேடினேன். காணவில்லை. எங்கள் மேசைக்கு அடியில் மூன்று கேன் தண்ணீர் திறக்காமல் அப்படியே இருந்தது. வண்டியில் ஏற்றி அனுப்பினோம்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் எங்கள் பழைய பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயா ஞாபகத்துக்கு வந்தார். உங்களில் சிலருக்கும் ஞாபகம் இருக்கும். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்த பிறகு, பதிவேட்டில் எத்தனை தலையோ அத்தனை பேருக்குத்தான் அரிசி அளந்து போட வேண்டும். ஆனால் மணி அடித்தால் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வயது, மூன்று வயதுத் தம்பி தங்கைகள் வந்து நிற்கும். பதிவேட்டில் அதுகளுக்குப் பெயர் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஆயாவிடம், "கணக்கு உதைக்குமே ஆயா" என்றேன். "டீச்சரம்மா, கணக்க நீ பாத்துக்க, கரண்டிய நான் பாத்துக்கறேன்" என்றார். அந்தக் குழந்தைகளை அவர் ஒரு நாளும் திருப்பி அனுப்பியதில்லை. பெரியவர்களுக்கு ஒரு கரண்டி குறைந்திருக்கலாம். யாரும் பசியோடு போனதாக எனக்கு நினைவில்லை. அவர் பக்கத்தில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு அது ஒட்டவில்லை பாருங்கள்.

மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தண்ணீர்ப் பந்தல் புதிதா? பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் அன்று நாலு மாட வீதியிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் நடந்து பாருங்கள். மோர், பானகம், தண்ணீர். வேண்டாம் என்றாலும் கையில் திணிப்பார்கள். சாமி பார்க்க வந்தவரா, பலூன் விற்க வந்தவரா, பந்தோபஸ்துக்கு நிற்கிற போலீஸ்காரரா என்று எந்தப் பந்தலிலும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று வீதிவலம் வருகிற அறுபத்துமூவரில் அப்பூதியடிகளும் ஒருவர். திங்களூர்க்காரர். தண்ணீர்ப் பந்தல் வைத்தவர். அதுவும் தன் பெயரில் இல்லை, கண்ணால்கூடப் பார்த்திராத திருநாவுக்கரசர் பெயரில். அந்தத் திருநாவுக்கரசரே ஒரு நாள் அந்த வழியாக வந்து, என் பெயரை யார் இங்கே எழுதி வைத்தது என்று விசாரித்த கதையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

தண்ணீருக்குக் கையேந்தி நின்றது நமக்கும் தெரியாததா? 2019இல் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே. ஜூலை 12ஆம் தேதி வில்லிவாக்கத்துக்கு முதல் ரயில், 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அந்தக் கோடையில் லாரி வரும் என்று குடத்தை வரிசையில் போட்டுவிட்டு ராத்திரி வாசல் படியில் உட்கார்ந்திருந்தவள் நான். அதற்கு நாலு வருஷம் முன்னால், 2015 டிசம்பர் வெள்ளத்தில், சுற்றிலும் தண்ணீராக நிற்கக் குடிக்க ஒரு சொம்பு இல்லை. அன்றைக்குப் படகிலும் தெர்மாகோல் அட்டையிலும் கேன் தள்ளிக்கொண்டு வந்த பையன்கள் யார் வீடு என்று பார்த்தா கொடுத்தார்கள்?

இதை அடுத்த வருஷம் எங்கள் மேசைக்குப் பொறுப்பாக இருந்த தம்பியிடம் சொன்னேன். நல்ல பிள்ளை. பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்: "மேடம், முதல்ல வர்றவங்களுக்குத் தண்ணி குறையவே குறையாது. குறைஞ்சா கடைசியில வர்றவங்களுக்குத்தான் குறையும். ஆறு மணி நேரம் வெயில்ல இழுத்துக்கிட்டு வர்றவருக்கு டேபிள் காலியா இருந்தா என்ன பண்றது?" இது உண்மை. ஓட்டத்தில் மெதுவாக வருகிறவர்தான் அதிக நேரம் வெயிலில் இருக்கிறார், அவருக்குத்தான் தண்ணீர் அதிகம் தேவை. தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு வைத்த தண்ணீரை இஷ்டத்துக்கு எடுத்துக் கொடுத்தால் நஷ்டம் அந்த ஆளுக்கு. ஆயாவின் கரண்டிக் கணக்கை ரோட்டில் அப்படியே போட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் மைத்துனர் வேறு மாதிரி. "ரோட்டை அடைச்சுக்கிட்டு பணம் இருக்கிறவன் ஓடறான், அதுக்கு நீங்க போய் தண்ணி ஊத்தறீங்க" என்பார். அவருக்கு நான் சொல்வது, ஓடுகிறவர்களில் எல்லோரும் பணக்காரர் இல்லை, ஓடுவது தப்பும் இல்லை. நாற்பது வயதில் இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிற காலத்தில் ஒருவர் பத்துக் கிலோமீட்டர் ஓடினால் நான் கை தட்டுவேன். ஆனால் அவர் சொல்வதிலும் ஒரு உண்மை இருக்கிறது. அந்த ரோடு அந்த நாலைந்து மணி நேரம் ஓடுகிறவர்களுக்காக மற்றவர்கள் விட்டுக்கொடுத்த ரோடு. பஸ் சுற்றிப் போகிறது. பூக்காரம்மா கூடையோடு இரண்டு ஸ்டாப் நடக்கிறார். ஆட்டோக்காரர் தடுப்புக்குப் பின்னால் காலைச் சவாரியை விட்டுவிட்டு நிற்கிறார். போலீஸ்காரர் விடியும் முன்னே வந்தவர். அந்த ரோட்டில் நாம் தண்ணீர் மேசை போட்டுக்கொண்டு இவர்களைப் பார்த்து "உங்களுக்கு இல்லை" என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

அதனால் கணக்குத் தண்ணீரைத் தொடாமல் ஒரு வழி செய்தோம். எங்கள் தெருவில் கேன் போடுகிற பையனிடம் சொல்லி இரண்டு கேன் நம் செலவில் வரவழைத்தேன். மேசையிலிருந்து இருபது அடி தள்ளி, பிளாட்பாரத்தில் ஒரு ஸ்டூல். ஸ்டீல் டம்ளர் பன்னிரண்டு. கழுவ ஒரு வாளி. சார்ட் பேப்பரின் பின்பக்கத்தில் "குடிநீர். எல்லோருக்கும்." என்று எழுதி ஒட்டினேன். கையெழுத்து இன்னும் போகவில்லை, பார்த்தவர்கள் சொன்னார்கள். அப்பா பெயரைப் போடலாமே என்றான் தம்பி. வேண்டாம் என்றுவிட்டேன்.

எல்லோரும் வாயை வைத்துக் குடித்தால் சுத்தமா என்று தம்பி மகள் கேட்டாள். தூக்கிக் குடிக்கத் தெரியாத தலைமுறை. வந்தவர்கள் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்கள். போலீஸ்காரர்கள், ஒரு பேப்பர் பையன், பக்கத்து அபார்ட்மெண்ட் வாட்ச்மேன், பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்த ஒரு குடும்பம், கூட்டிப் பெருக்க வந்த அம்மாக்கள் ஐந்தாறு பேர். முதல் வருஷம் பார்த்தவர் அவர்களில் இல்லை. அவர்களிடம் விசாரித்தேன். பெயர் தெரியாமல் யாரைச் சொல்லி விசாரிப்பது? இரண்டு கேனில் அரைக் கேன் மிச்சம். ஓடுகிறவர்களுக்கு ஒரு சொட்டும் குறையவில்லை.

எனவே வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், தேதி வந்ததும் தெரிவிக்கிறேன். அதிகாலையில் ரோடு அடைத்துவிடுவார்கள், வண்டியை எங்கே விடுவது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். நிற்க வசதியான செருப்பு போடுங்கள், புதுச் செருப்பு வேண்டாம். ஆளுக்கு இரண்டு ஸ்டீல் டம்ளர் கொண்டு வாருங்கள். இந்த முறை நாலு கேன் போடலாம் என்று இருக்கிறேன், செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். கூட்டம் முடிந்ததும் செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாமல், கீழே கிடக்கிற டம்ளர்களை நாமே பொறுக்கிக் கோணியில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அரை மணி நேர வேலை. குனிய முடியாதவர்கள் கோணியைப் பிடித்துக்கொள்ளலாம், நான் அதைத்தான் செய்தேன்.

கடைசியாக ஒன்று. போன முறை பன்னிரண்டு டம்ளர் எடுத்துக்கொண்டு போனேன், வீட்டுக்கு வந்து எண்ணினால் பதின்மூன்று இருக்கிறது. ஒன்றின் அடியில் "சு.ரா." என்று எழுத்து வெட்டியிருக்கிறது. கல்யாணச் சீர் டம்ளர் போலக் கனமாக இருக்கிறது. யாருடையது? சொன்னால் ஜனவரியில் கொண்டு வந்து கொடுத்துவிடுகிறேன்.