பிணவறைக்கு விளக்கு வந்தது, ஸ்கேன் வரவில்லை

சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று அனுமதித்த மத்திய அரசின் 2021 நவம்பர் 15-ஆம் தேதி உத்தரவு, தொழில்நுட்ப வளர்ச்சியைக் காரணமாகச் சொல்கிறது. அந்த வளர்ச்சியில் உத்தரவின் கண்ணில் பட்டது முக்கியமாக மின்விளக்கு. கத்தி வைப்பதற்கு முன்பே உடலின் உள்ளே பார்க்க உதவும் சி.டி. ஸ்கேனுக்கு அதில் இடமில்லை. டெல்லி எய்ம்ஸில் அந்த வசதி அதே ஆண்டு மார்ச்சிலேயே தொடங்கிவிட்டது. கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, சந்தேக மரணம், அழுகிய உடல் ஆகியவற்றுக்கு, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால் தவிர, இரவு அனுமதியும் கிடையாது. ஆழமாக ஆராய வேண்டிய மரணங்களுக்கு இந்த உத்தரவால் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் 'விர்டாப்ஸி' என்ற பெயரில் இந்த ஸ்கேன் முறை வளர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. எலும்பு முறிவு, உடலில் தங்கிய குண்டுத் துகள், நெஞ்சறையிலும் ரத்தக்குழாயிலும் புகுந்த காற்று ஆகியவற்றை ஸ்கேன் தெளிவாகக் காட்டும். உடலைத் திறந்ததும் அந்தக் காற்று வெளியேறிவிடும். தனி ஏற்பாடு இல்லாவிட்டால் தடயமே இராது. முகம், கை, கால் எலும்புகளை வழக்கமான பரிசோதனையில் எல்லா உடல்களிலும் அறுத்துப் பார்ப்பதில்லை.

இதைவிடப் பெரிய பயன், படம் நிலைத்திருப்பது. காவலில் ஒருவர் இறந்தால் குடும்பத்தார் அறிக்கையை நம்பாமல் உடலை வாங்க மறுக்கிறார்கள். மறுபரிசோதனை கேட்டு நீதிமன்றம் போகிறார்கள். அதுவரை உடல் பிணவறையில் கிடக்கிறது. உத்தரவு கிடைத்தாலும், இரண்டாவது மருத்துவர் காண்பது ஏற்கெனவே அறுத்துத் தைத்த உடலை. கத்தி படுவதற்கு முன் எடுத்த படம் இருந்தால், வேறொரு மருத்துவர் பத்து ஆண்டுகள் கழித்தும் அதைப் பார்த்து முதல் அறிக்கையைச் சரிபார்க்க முடியும். இரவுப் பரிசோதனை முழுவதையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது உத்தரவு. வீடியோ பதிவு செய்வது மருத்துவர் திறந்து காட்டியதை. அவர் திறக்காமல் விட்ட இடம் அதில் வராது. தகப்பனையோ மகனையோ காவலில் பறிகொடுத்த குடும்பத்துக்கு இந்த வேறுபாடு உயிர்நாடியானது.

ஸ்கேன் கத்திக்கு மாற்று அல்ல. 2012-இல் 'லான்செட்' இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், 182 உடல்களை ஒப்பிட்டபோது மரணக் காரணத்தில் பெரிய முரண்பாடு சி.டி.யில் 32 சதவீதமாகவும் எம்.ஆர்.ஐ.யில் 43 சதவீதமாகவும் இருந்தது. இதயக் குழாய் அடைப்பு, நுரையீரல் ரத்தக்கட்டி, நிமோனியா போன்றவை தவறிப்போயின. விஷத்துக்கு உள்ளுறுப்பு மாதிரிகளை எடுத்தே ஆக வேண்டும். ஆழ்ந்த தசையில் உள்ள கன்றலும் சி.டி.க்கு எளிதில் அகப்படாது.

ஸ்கேனும் கத்தியும் ஒன்றையொன்று நிரப்புபவை என்பதை அறியாத முடிவு 2020-லும் வந்தது. கொரோனாவில் இறந்தவர்களுக்குச் சட்டப்படியான பரிசோதனையிலும் உடலை அறுக்க வேண்டாம் என்று இந்தியாவில் அப்போது வழிகாட்டினார்கள். புறத்தோற்றம், புகைப்படம், உறவினர் வாக்குமூலம் போதும் என்றார்கள். அறுவையை நிறுத்தியவர்கள், அதை ஓரளவு ஈடுகட்டவாவது எல்லாப் பிணவறைகளுக்கும் ஸ்கேன் கொடுத்தார்களா? இல்லை. ஜெர்மனியிலும் தொடக்கத்தில் தயக்கம் இருந்தது. ஆனால் ஹாம்பர்க் மருத்துவர்கள் ஸ்கேனையும் கத்தியையும் சேர்த்தே பயன்படுத்தினார்கள். முதல் 12 பேரில் 7 பேருக்கு, உயிரோடிருந்தபோது யாரும் சந்தேகிக்காத ரத்தக்கட்டி காலில் இருந்தது. 4 பேருக்கு அது நுரையீரலை அடைத்ததே மரணக் காரணம். உயிரோடிருந்த நோயாளிகளின் சிகிச்சைக்கு உதவிய அறிவு அது. இங்கே அத்தகைய அறிவைத் தேடும் வழியை அடைத்தார்கள்.

அறுக்காதே என்றபோதும் ஸ்கேன் தரவில்லை. இரவிலும் அறு என்றபோதும் தரவில்லை. இரண்டு முறையும் வசதியைக் கணக்கிட்டார்கள், உண்மையைக் கணக்கிடவில்லை. முதலில் படம், பிறகு கத்தி என்ற ஒழுங்கைச் சந்தேக மரணங்களிலாவது கொண்டுவர வேண்டும். நவம்பர் 15 உத்தரவு பாதி வேலை. அது திருத்தப்பட வேண்டும்.