வேலை கொடுப்பவர் காசு கேட்பதில்லை

வீட்டிலிருந்தபடி சம்பாதிப்பது மதுரைக்குப் புதிதல்ல. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவது, கூலிக்கு மல்லிகைச் சரம் தொடுப்பது, அப்பளம் தேய்ப்பது எனப் பல வேலைகள் தலைமுறைகளாக வீடுகளில் நடந்துவருகின்றன. துணியையும் பூவையும் மாவையும் வியாபாரி கொடுக்கிறார். முடிந்த வேலையை எண்ணியோ எடைபோட்டோ கூலி தருகிறார். கூலி போதவில்லை என்ற குறை இந்தத் தொழில்களில் நெடுநாளாக உண்டு. ஆனால் பணம் வியாபாரியிடமிருந்து வேலை செய்பவருக்குத்தான் வருகிறது. செல்போனில் வரும் ‘வீட்டிலிருந்தே வேலை’ அழைப்புகளை உரசிப் பார்க்க இந்த வழக்கமே போதும். வேலையில் சேரவோ, செய்த வேலைக்குக் கூலி வாங்கவோ பணம் கட்டச் சொன்னால் அது மோசடி.

இந்த மோசடி பெரும்பாலும் மூன்று வடிவங்களில் வருகிறது. முதலாவது, பேக்கிங் வேலை. பெயர்பெற்ற பென்சில் நிறுவனத்தின் படத்தைப் போட்டு, மாதம் 30,000 ரூபாய் சம்பளம் என்று விளம்பரம் வரும். பதிவுக் கட்டணம், அடையாள அட்டை, கூரியர் செலவு என்று சிறுகச் சிறுகப் பணம் கறக்கப்படும். பென்சில் மட்டும் வந்து சேராது. நட்ராஜ், அப்சரா பென்சில்களைத் தயாரிக்கும் இந்துஸ்தான் பென்சில்ஸ் நிறுவனமே இப்படி எந்த வேலையும் தருவதில்லை என்று எச்சரித்திருக்கிறது.

இரண்டாவது, டைப்பிங் வேலை. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, முடித்துக் கொடுத்த வேலையில் பிழை அதிகம் என்பார்கள். பிறகு வக்கீல் நோட்டீஸ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் மிரட்டல் வரும். வழக்கை நிறுத்த யுபிஐ மூலம் பணம் அனுப்பு என்று எந்த நீதிமன்றமும் சொல்வதில்லை என்பதை அறியாதவர்கள் பயந்து பணம் கட்டுகிறார்கள்.

மூன்றாவதுதான் மிகப் பெரிய இழப்பைத் தருவது: டெலிகிராம் ‘டாஸ்க்’. வீடியோவுக்கு லைக் போடுவது, உணவகத்துக்கு ஸ்டார் கொடுப்பது எனச் சில நிமிட வேலைக்கு முதலில் 150, 200 ரூபாய் உண்மையாகவே கணக்கில் ஏறும். நம்பிக்கை வந்ததும், முன்பணம் கட்டிச் செய்யும் ‘பிரீபெய்டு டாஸ்க்’ தொடங்கும். கட்டிய பணம் லாபத்தோடு திரையில் வளரும். எடுக்கப் போனால் வரி கட்டு, முடக்கத்தை நீக்கக் கட்டு என்பார்கள். அந்த டெலிகிராம் குழுவில் ‘எனக்குப் பணம் வந்துவிட்டது’ என்று பதிவிடுபவர்களும் பெரும்பாலும் மோசடிக் கும்பலின் ஆட்களே. 2023 டிசம்பரில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் பரிந்துரையின்பேரில், இத்தகைய பகுதிநேர வேலை மோசடியில் ஈடுபட்ட 100-க்கும் மேற்பட்ட இணையதளங்கள் முடக்கப்பட்டன. ஓய்வுபெற்றவர்கள், பெண்கள், வேலையற்ற இளைஞர்கள் ஆகியோரே மோசடிக்காரர்களின் குறி என்றும், கூகுள், மெட்டா போன்ற தளங்களின் விளம்பரங்கள் வழியாக இவர்கள் ஆள் பிடிக்கிறார்கள் என்றும் அமைச்சகம் அப்போது சொன்னது.

ஏமாந்தவரின் பேராசைதான் காரணம் என்று கைகழுவுவது எளிது. அது பாதி உண்மைகூட இல்லை. முதல் தொகையைச் சம்பாதிக்கும் ஆசையில் கட்டுகிறார்கள். அடுத்தடுத்த தொகைகளைப் போன பணத்தை மீட்கும் தவிப்பில்தான் கட்டுகிறார்கள். நகையை அடகு வைப்பதும் கடன் வாங்குவதும் இந்தக் கட்டத்தில்தான். பணம் வந்துகொண்டிருக்கும்வரை கேள்வி எழுவதுமில்லை. செல்போனில் விளம்பரம் பார்த்தால் வருமானம் என்ற கோவை மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தில், ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்வரை கட்டி உறுப்பினராகும் படிநிலைகள் இருந்தன. 2024 ஜனவரியில் அதன்மீது வழக்குப் பதிவானபோது, நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானோர் நிறுவனத்துக்கு ஆதரவாகத் திரண்டார்கள். குற்றச்சாட்டை நிறுவனம் மறுத்தது; தீர்ப்பு நீதிமன்றத்தின் பொறுப்பு. ஆனால் பணம் கட்டியவர்களே காவலுக்கு நிற்கும்போது சந்தேகம் கேட்பவர் தனித்துவிடுகிறார் என்பதை அந்தக் கூட்டம் காட்டியது.

‘உங்கள் வங்கிக் கணக்கைக் கொடுங்கள், கமிஷன் தருகிறோம்’ என்பதும் வேலை என்ற பெயரில்தான் வருகிறது. கல்லூரி மாணவர்கள் இதில் அதிகம் சிக்குகிறார்கள். திருட்டுப் பணம் ஒருவரின் கணக்கு வழியாகப் போனால், கணக்குக்கு உரியவரையும் போலீஸ் தேடி வரும்.

பணம் போய்விட்டால் முதல் சில மணி நேரமே முக்கியம். 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்தால், பணம் கைமாறுவதற்குள் வங்கிகள் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. உரையாடல்களை அழிக்கக் கூடாது. பணம் அனுப்பிய விவரங்களைப் பாதுகாக்க வேண்டும். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு 3 ஆண்டுவரை சிறை விதிக்கிறது.

சட்டம் பின்னால் வருகிறது. தடுப்பு முன்னால் நிற்க வேண்டும். வேலை விளம்பரம் தருபவரின் அடையாளத்தைச் சரிபார்க்காமல் வெளியிடும் தளங்கள், அந்த விளம்பரத்தால் விளையும் இழப்பில் ஒரு பங்கை ஏற்கும்படி அரசு விதி கொண்டுவர வேண்டும். புதிதாகத் தொடங்கிய கணக்கில் திடீரெனப் பலரது பணம் குவிந்தால் வங்கிகள் அன்றே விசாரிக்க வேண்டும். 500 ரூபாய் இழந்தவரின் புகாரையும் சைபர் கிரைம் காவல் நிலையங்கள் தட்டிக்கழிக்காமல் வாங்க வேண்டும். சிறு புகார்கள் சேர்ந்தால்தான் பெரிய வலை தெரியவரும். களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழு இயக்கத்தை வளர்த்த மதுரையில் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டங்கள் ஊர் ஊராக நடக்கின்றன. வேலைக்குப் பணம் கேட்டால் கட்டாதே என்ற எச்சரிக்கையை அங்கே ஒவ்வொரு மாதமும் சொல்ல வைப்பது மாவட்ட நிர்வாகத்துக்குப் பெரிய செலவல்ல.