பானகத்தில் ஒரு மாங்காய்

மொஹிட்டோ கலக்கக் கற்றுக்கொண்ட நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பானகம் கரைக்கத் தெரியவில்லை. இத்தனைக்கும் கணக்கு ஒன்றுதான்: புளிப்பு, இனிப்பு, மணம். கியூபாவில் எலுமிச்சை, சர்க்கரை, புதினாவோடு ரம். நம் கோயில்களில் எலுமிச்சை, வெல்லம், சுக்கு, ஏலக்காய். கோயில் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் பால்கோவாதான் நினைவுக்கு வரும். 2019இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால், சித்திரை வெயிலுக்குப் பால்கோவா தாகம் தீர்க்காது. பக்கத்தில் இராஜபாளையத்துத் தோப்புகளில் சப்பட்டை மாங்காய் தொங்கும் காலம் அது. ஒன்றைச் சுட்டு, சதையைப் பிசைந்து, எலுமிச்சைக்குப் பதிலாகப் பானகத்தில் கரையுங்கள். ஒரு சிட்டிகை உப்பு, மண்பானைத் தண்ணீர் போதும். ஐஸ் போட்டால் சுக்கின் காரம் அமுங்கிவிடும். பானகத்தில் கைவைக்கலாமா என்று பாட்டி கேட்டால், முதல் டம்ளரை அவரிடமே நீட்டுங்கள்.