அழையா விருந்தாளி

கடமலைக்குண்டுத் திண்ணைப் பேச்சுக்கு ஊரார் காதே போதும். கூடத்தில் அலெக்சா என்னும் குரற்கருவி எதற்கு? பெயர் சொல்லி அழைத்தால்தான் விழிக்கும் என்பர்; அழையாமலும் விழிப்பதுண்டு. கேட்டது அமேசானின் கணினிகளுக்குப் போய்ச் சேரும். சிறுவர் குரல்பதிவுகளை அழிக்காது வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2023இல் அமெரிக்காவில் அந்நிறுவனம் 2.5 கோடி டாலர் அபராதத்துக்கு இசைந்தது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017இல் நம் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அரசோடு வாதாடிப் பெற்றதை, விலைகொடுத்து வாங்கிய பெட்டியிடம் விட்டுவிடுவதோ? ‘மறைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?’ என்பாரும் உளர். கருவிக்கு ஒப்புதல் தந்தவர் குடும்பத் தலைவர் ஒருவரே. கணவனின் குடியைச் சொல்லி அழவந்த அண்டைவீட்டுப் பெண்ணிடம் எவர் ஒப்புதல் கேட்டார்? அவள் படியேறும்போதே ஒலிவாங்கியை அணைத்துவிடுங்கள் என்கிறோம். படுக்கையறையில் அக்கருவிக்கு இடமே வேண்டாம்.